அவர் பெயரை எடுக்காதே, அக்கா

மார்ச் 3

என் செல்லத் தங்கச்சிக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று கோபிக்காதே. போன் அடித்தாலே இப்போது அணைத்து வைத்துவிடுகிறேன். உன் மகளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

என் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை நீயும் பார்த்திருப்பாய். மதியம் பிள்ளைகள் பாயில் தூங்கும் படத்தை நான்தான் ஆசையாக முகநூலில் போட்டேன். "மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள்" என்று எழுதி அதைப் பரப்பிவிட்டார் ஒரு அப்பா. மகனை அழைத்துப்போக தினமும் தாமதமாக வருகிறாரே என்று நான் கண்டித்த கோபம். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஒரு தாய் வாசலிலேயே நின்று, "உள்ள என்ன மருந்து வெச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றாள். அலமாரியைத் திறந்து காட்டினேன். அதிகாரிகளும் வந்து சோதித்துவிட்டு, தப்பு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை யார் பரப்புகிறார்கள்?

வக்கீலம்மாவிடம் போனேன். "எழுதினவர் மட்டும் இல்ல, உண்மையான்னு பார்க்காம பரப்பினவங்களும் பதில் சொல்லணும்" என்றார். அப்படிப் பரப்பியவர்களில் உன் வீட்டுக்காரரும் ஒருவர். தன் குடியிருப்புக் குழுவில் அதைப் போட்டு, "இது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். அதன் கீழே ஒருவர், "பொண்டாட்டியோட அக்காவைப் பத்தி அவரே போடறார்னா பொய்யா இருக்குமா?" என்று எழுத, அதுவும் சேர்ந்தே ஊரெல்லாம் சுற்றியது.

வக்கீலம்மா எல்லோருக்கும் அனுப்பப்போகும் நோட்டீஸிலிருந்து உன் வீட்டுக்காரர் பெயரை எடுத்துவிடச் சொல்லட்டுமா? என்னால் உன் வீட்டில் சண்டை வர வேண்டாம்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் பெயரை எடுக்காதே.

கேட்டதற்கு, "சும்மா கேள்வியாத்தானே போட்டேன்" என்றார். "கேக்கணும்னா அக்காகிட்ட கேக்கணும். ஊரைக் கேட்டா அதுக்குப் பேரு வேற" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அந்த ஊர்ல இருந்தப்போ நம்ம பொண்ணும் அங்கதான் தூங்கி வளர்ந்தா. அவளுக்கு என்ன மருந்து கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

இன்று காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டார். உன்னிடம்தான் வருவார் என்று நினைக்கிறேன். நன்றாகத் திட்டு. சாப்பாடு மட்டும் போட்டுவிடு, பசி தாங்க மாட்டார்.

உன் தங்கை

மார்ச் 17

தங்கச்சி,

வந்தார். வீட்டுக்கு இல்லை, நேராகக் காப்பகத்துக்கு. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போகும் நேரம். வாசலில் நின்று, "நான்தான் அதைக் குழுவுல போட்டேன். என் பொண்ணு வளர்ந்த இடம் இது. விசாரிக்காம போட்டது என் தப்பு" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. அதையே குழுவிலும் எழுதினார். பொய் போன வேகத்தில் போகவில்லை, ஆனாலும் போனது. அதைப் பார்த்த பிறகு, முதலில் எழுதிய அப்பாவும் வக்கீலம்மா முன்னால் மறுப்பு எழுதிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு குடும்பம் மட்டும் வேறு இடத்தில் சேர்த்துவிட்டது. மற்ற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்று ஒருத்தி என் புடவையில் பெயிண்டைத் துடைத்தாள். திட்டக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு நிம்மதி.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர், "என்னை மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கு. லீவுக்குக் குடும்பத்தோட வந்து வாங்கிக்குங்க" என்றேன்.

அக்கா