பந்து மறைந்த இடம்

உத்திரமேரூர்
6.3.1988

அன்பு மகள் பவளத்துக்கு உன் நைனா எழுதிக்கொண்டது. பரோடாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே உன் அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதப் போனேன், அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், “பொய் எழுதாதீங்க, நடந்ததை நடந்த மாதிரி எழுதினாத்தான் அவ கேப்பா” என்கிறாள். பதறாதே, பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனால் நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி. இன்லண்ட் லெட்டரில் அடங்காது என்றுதான் காகிதத்தில் எழுதிக் கவரில் வைத்து அனுப்புகிறேன்.

நீ லாரியில் போட்டுவிட்ட கம்ப்யூட்டர் பெட்டியும் கீபோர்டும் போன மாதம் முதல் வாரம் காஞ்சிபுரம் லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தன. நீ சுற்றி அனுப்பியிருந்த பழைய போர்வை கூடக் கசங்கவில்லை. கண்ணாடித் திரை வழியில் உடைந்துவிடும், மானிட்டரை மட்டும் மெட்ராஸில் வாங்கிக்கொள் நைனா என்று நீ எழுதியிருந்தாய், சரிதான், ஆனால் எனக்குப் பொறுமை இருந்தால்தானே. நம்ம டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு டைப்ரைட்டரை நகர்த்தி இடம் பண்ணி, திரை இல்லாமலே பிளக்கைச் செருகிவிட்டேன். உள்ளே விசிறி சுற்றியது, கொஞ்ச நேரம் கழித்து ஒரு தரம் ‘கீங்’ என்றது, அவ்வளவுதான். லோயர் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் எல்லாரும் தங்கள் மெஷினை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நான் கீபோர்டில் என் பெயரை அடித்தேன். டைப்ரைட்டரில் அடித்தால் எழுத்து காகிதத்தில் விழும், இதில் அடித்த எழுத்து எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பதில் எழுதும்போது இதை எனக்கு விளக்க வேண்டும்.

உள்ளே இருக்கிற கார்டு ஒற்றை நிற மானிட்டரைத்தான் ஏற்றுக்கொள்ளும், கலர் வாங்கிவிடாதே, பச்சையோ அம்பரோ உன் இஷ்டம் என்று எழுதியிருந்தாய். அந்த ‘உன் இஷ்டம்’தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பச்சை எழுத்து ஏன், மஞ்சள் எழுத்து ஏன், காகிதத்தில் இருக்கிற மாதிரி கறுப்பு எழுத்தாகச் செய்தால் என்ன கேடு? ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் ஞானதாஸைக் கேட்டேன். மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் சுலபமாகப் பிடிபடும் சார் என்று ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னார், வெளியே வந்ததும் பாதி மறந்துவிட்டது. உன் அம்மாவுக்கு வேறு கவலை. “ஹையர் பாஸ் பண்ண பொண்ணுங்களையே மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேக்கறாங்கன்னு சொல்றீங்க, கத்துக்கட்டும், வாணாங்கல. அந்த வெளிச்சத்தையே பாத்துக்கினு கீற பொண்ணுங்க கண்ணு கெட்டுப்போச்சின்னா ஊரு நம்மள இன்னா சொல்லும்?” என்று கேட்டாள். அதனால் மானிட்டரைத் தானும் வந்து பார்த்துத்தான் வாங்க விடுவேன் என்று சொல்லிவிட்டாள். மாசி பிறந்த அன்று இரண்டு பேரும் செங்கல்பட்டு போய் ரயில் ஏறினோம்.

ரிச்சி தெருவை நீ பார்த்திருக்கிறாயோ என்னவோ, ரேடியோவும் டேப்பும் குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடக்கிற தெரு. நாலு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு மாடிக் கடையில் தாண்டவராயன் என்று ஒருவர் எங்களை உட்கார வைத்தார், நாற்பது வயது இருக்கும். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது, கேட்டால் சொந்த ஊர் தென்னேரி என்றார். ஒரு மேசையில் பச்சை, அம்பர், வெள்ளை மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். பவளம், எனக்கு வயது ஐம்பத்தாறு, அங்கே நான் ஸ்கூல் பையன் மாதிரி ஆகிவிட்டேன் என்று உன் அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கையில் இருக்கிற மயிர் எல்லாம் எழுந்து நிற்கிறது. பச்சைத் திரையில் வரிகள் மேலே ஏறும்போது, போன எழுத்தின் நிழல் கொஞ்ச நேரம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. அம்பர் என்பது காய்ச்சின வெல்லப்பாகு நிறம், எழுத்து நறுக்கென்று நிற்கிறது. வெள்ளை பார்க்க அழகு, ஆனால் மெல்ல நடுங்குகிறது. நான் டைப்பிங் வாத்தியார் அல்லவா, மூன்றிலும் எட்டும் பி-யும், ஐந்தும் எஸ்-ஸும், பூஜ்யமும் ஓ-வும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். பரீட்சைத் தாளில் பெண்கள் மார்க்கை விடுவதே அந்த இடங்களில்தான். தாண்டவராயன் அலுத்துக்கொள்ளவே இல்லை. “இவ்ளோ பொறுமையா பாத்து வாங்கறவங்க யாருமே வர்றதில்ல சார், நீங்க பாருங்க” என்றார்.

நடுத் திரையில் எழுத்து சரி, ஓரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு புரோகிராம் போட்டார். திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி அசையாமல் நிற்கும், ஒரு சின்னப் பந்து நாலு பக்கமும் ஓடி ஓரத்தில் மோதித் திரும்பும். “கண்ணை பந்து பின்னால ஓட்டாதீங்க சார். நடுவுல கீற குறியையே பாத்துக்கினு இருங்க. ஓரத்துல நடுக்கம் இருந்தா கடைக்கண்ணுலதான் நல்லா தெரியும்” என்றார். நான் அப்படியே குறியைப் பார்த்தேன். பந்து வலது பக்கம் போயிற்று, கீழே போயிற்று, இடது பக்கம் ஏறி மேல் மூலைக்குப் போனதும் காணாமல் போய்விட்டது. கொஞ்சம் கழித்து வேறு இடத்தில் வெளியே வந்தது. இந்தப் பச்சை வேண்டாம், மேல் மூலையில் பந்தை விழுங்குகிறது என்றேன். அம்பரை மாட்டினார். அதுவும் அதே மூலையில் விழுங்கியது. வெள்ளையை மாட்டினார், அதிலும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று கம்பெனிக்காரனும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் தப்புச் செய்திருக்கிறானே என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் சொன்னாள், “பந்து எங்கியும் போவலயே, நல்லாத்தானே ஓடிக்கினு கீது.”

தாண்டவராயன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள் சார் என்றார். பொத்தினேன். குறிக்கு மேலே பந்து போனாலே மறைந்துவிட்டது, மேல் பாதி முழுக்க. வலது கண்ணைப் பொத்தினேன், அந்த இடது மூலை மட்டும் மறைந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது, இரண்டுமே விட்ட இடம் அந்த மூலை. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது ஆச்சரியம். மறைகிற இடத்தில் இருட்டோ கறுப்போ ஒன்றும் இல்லை பவளம். திரை இருக்கிற மாதிரியே இருக்கிறது, பந்து மட்டும் இல்லை. ஒன்று இல்லை என்பதே தெரியாமல் இல்லாமல் இருக்கிறது. பந்தை மெதுவாக விடச் சொல்லி, அது மறையும்போதெல்லாம் ‘போச்சு’ என்றும், வரும்போது ‘வந்துச்சு’ என்றும் சொன்னேன், உன் அம்மா கடைக்காரரின் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, திரையைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்துக் கோடு சேர்த்தாள். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம். வலது கண்ணின் படம் குடை விரித்த மாதிரி வந்தது. அதைப் பார்த்தபிறகுதான் பயம் வந்தது.

அம்மா அப்போது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இரண்டு வருஷமாக நான் தலையில் இடித்துக்கொள்ளாத இடம் இல்லையாம். ஞானதாஸ் வீட்டுக் கல்யாணத்தில் பந்தலில் கட்டியிருந்த வாழைத்தாரில் இடித்துக்கொண்டு, யாரடா இதை இங்கே கட்டினது என்று சத்தம் போட்டேன். இன்ஸ்டிடியூட் ஷட்டர், பஸ் படிக்கட்டின் மேல் கம்பி, முருங்கைக் கிளை, ஒவ்வொரு தடவையும் நான் மற்றவர்களைத்தான் திட்டினேன். அம்பரையே கட்டிக் கொடுங்கள், எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றேன். தாண்டவராயன் மானிட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, “நான் இன்னிக்கு உங்களுக்கு விக்க மாட்டேன் சார். இது எங்கயும் ஓடிப்போவாது, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறேன். மொதல்ல கண்ண காட்டிட்டு வாங்க” என்றார். வியாபாரத்துக்கு உட்கார்ந்திருக்கிற மனிதர் அப்படிச் சொன்னதும் வெறுங்கையோடு கிளம்பிவிட்டோம். அன்று வியாசர்பாடியில் உன் சித்தி ஜெயம்மாள் வீட்டில் தங்கிக்கொண்டு, மறுநாள் காலை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என்னென்னவோ நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாகப் பெண்கள் அடித்த தாளில் தப்புக் கண்டுபிடித்துச் சோறு சாப்பிடுகிறவன் நான், கண் போனால் வேறு என்ன தெரியும் எனக்கு? அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் அவளுக்கு அன்று இல்லை. டாக்டர் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கண்ணில் மருந்து விட்டு அழுத்தம் அளந்தார். பிறகு சுவரில் மாட்டிய கறுப்புத் துணிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, நடுவில் இருக்கிற புள்ளியையே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைக் குண்டூசித் தலை மாதிரி ஒன்றை ஓரத்திலிருந்து கொண்டுவந்தார். தெரியும்போது சொல்ல வேண்டும். தாண்டவராயன் கடையில் ஆடிய அதே ஆட்டம்! அவர் குறித்து முடித்ததும் அம்மா பில் தாளை நீட்டினாள். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தீர்கள் என்று கேட்டார். மானிட்டர் கடையில் என்று அம்மா சொன்னதும் பக்கத்து மேசை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வியாதிக்கு குளுக்கோமா என்று பெயர். கண்ணுக்குள் ஊறுகிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுமாம். வலி இல்லை, சிவப்பு இல்லை, நேரே பார்க்கிற பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், அதனால்தான் யாரும் டாக்டரிடம் வருவதில்லை என்றார். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், அதில் அடங்காவிட்டால் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்றார். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே விட்டிருந்தால் என்று ஆரம்பித்தார், அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காலையும் மாலையும் அம்மாதான் சொட்டு விடுகிறாள், என்னை நம்பி அந்தச் சீசாவைக் கொடுப்பதில்லை. முந்தாநாள் மறுபடி போய்க் காட்டினோம். இரண்டு கண்ணிலும் அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது உன் அம்மா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்படியே ரிச்சி தெருவுக்குப் போனோம். தாண்டவராயன் சொன்னபடி அம்பரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பதினாலு அங்குலம், முன்னால் வெளிச்சம் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறது. வரும் வழி முழுக்க அதை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நேற்று மாட்டினோம். முதலில் எண்கள் ஓடின, பிறகு ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் என்ன செய்வது என்று உன் அம்மா உள்பட ஒருவருக்கும் தெரியவில்லை. அதை நீ எழுது. திரையைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன், மேல் வரி தப்பாமல் தெரிகிறது. பெண்களுக்கு அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள்.

இப்போது நான் எதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்பதைக் கேள். உங்கள் வீட்டில் யாருக்காவது கடைசிக் காலத்தில் பார்வை போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். என் நைனாவுக்குப் போயிருந்தது, வயசாகிவிட்டது என்று நாங்கள் அப்போது விட்டுவிட்டோம். இது ரத்தத்தில் வருவது, உங்கள் பிள்ளைகளைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். உனக்கு முப்பத்தொன்று ஆகிறது, நாளெல்லாம் திரைக்கு முன்னால் உட்காருகிறாய், திரையைப் பார்ப்பதால் இது வருவதில்லையாம், ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, இந்த மாதத்துக்குள்ளேயே கண் டாக்டரிடம் போ. கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையைப் படித்துவிட்டு வந்துவிடாதே, அழுத்தம் அளந்து, ஓரப் பார்வையும் பார்க்கச் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குழந்தைக்கு எங்கள் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு என் அன்பு. டாக்டர் அளந்து சொன்ன எண்ணை அப்படியே பதிலில் எழுது. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது நைனா என்று மட்டும் எழுதி அனுப்பாதே. எனக்கும் நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

என்றும் உன் நலம் நாடும்,
நைனா
பச்சமுத்து