மேலே எழுத வேண்டிய சொல்

பைனாவு,
9.6.2025

அன்பு இந்து,

இன்றைய கூட்டத்தில் நான் சொல்லாதது: உங்கள் மலையில் டயர் கடை ஒன்றுதான்.

இனி எந்தத் துறையின் அலுவலகமும் தானாக எதையும் வாங்க முடியாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பொறுப்பு நர்ஸ் என்று உனக்கிருந்த சின்ன அதிகாரமும் போயிற்று. மூன்று கடைகளின் விலைப்பட்டியலோடு எல்லாம் எங்கள் ஜில்லா கமிட்டிக்கு வர வேண்டும். "ஆர்க்காவது எதிர்ப்பு உண்டோ?" என்று கமிட்டித் தலைவர் சார் கேட்டார். நான் குறிப்பெழுதுகிறவள். தலையைக் குனிந்து 'இல்லை' என்று எழுதினேன்.

ஒரே விலக்கு: விண்ணப்பத்தின் மேலே 'அடியந்திரம்' என்று எழுதினால் ஒரு கடைப் பட்டியல் போதும். ஆஸ்பத்திரி ஜீப் டயருக்கு அப்படியே எழுது. வேல்முருகன் அண்ணன் இந்த மழையிலும் வழுக்கை டயரோடு ஓட்டக் கூடாது.

உன்
அன்னமேரி

எஸ்டேட்,
24.6.2025

அன்னம்,

சிரிக்காதே. மலையாளத்தில் அதற்கு அவசரம் என்று அர்த்தம் இருக்கலாம். நம் தோட்டத்து லயத்தில் அடியந்திரம் என்றால் சாவுச் சோறுதானேடி. என் புருஷன் ஓட்டுகிற வண்டிக்கு என் கையால் அதை எழுதுவேனா? 'உடனே வேண்டும்' என்று எழுதினேன். மூன்று பட்டியல் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

டயர் கடை சுருளிவேல், "மூணு பேர்லயும் நானே எழுதித் தாரேன் தாயி, எனக்கு மூணு கையெழுத்து வரும்" என்கிறார். வீட்டில் இவரோ, "வளைவுல உருட்டிக்கிட்டே போயிருவேன், விடு" என்கிறார். நேற்று ஒரு பிரசவக்காரியோடு ஓடை விளிம்பு வரை சறுக்கியிருக்கிறது வண்டி.

அங்கேயே இருக்கிற நீ வாயைத் திறக்க மாட்டாயா? மறுபடி அனுப்புகிறேன். அந்தச் சொல் இல்லாமல்தான்.

இந்து

பைனாவு,
8.7.2025

இந்து,

உன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. மேலே அந்தச் சொல்லை நானே எழுதிவிட்டேன். நான்காம் நாள் அனுமதி கிடைத்தது. கோபித்துக்கொள். ஆனால் டயரை மாட்டச் சொல்.

அன்னம்

எஸ்டேட்,
2.8.2025

அன்னம்,

நாலு டயரும் மாட்டியாயிற்று.

ஆடிட்காரர்கள் அந்தக் காகிதத்தை நீட்டி, என்ன அவசரம் என்று கேட்டார்கள். என் பெயருக்கு மேலே அந்தச் சொல். 'இது என் எழுத்து இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை என்னுடையது என்று சொல்ல என்னால் முடியவில்லையடி. உன் பெயரைச் சொல்லவில்லை.

இந்து

பைனாவு,
11.8.2025

இந்து,

அதே கூட்ட அறை, அதே சார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். மலையில் டயர் கடை ஒன்றுதான் என்பதையும் சொன்னேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார்.

மாலையில் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. மேலே 'அடியந்திரம்' என்று எழுதியிருந்தது.

அன்னமேரி