மைனஸில் விட்ட குரல்

ஆகஸ்ட் 19, 2024

ஃப்ளெக்ஸ் கடைப் பையன் என் பெயரை ‘மோகன்குமர்’ என்று அடித்து வைத்திருக்கிறான். ‘மா’வுக்குக் கால் எங்கடா என்றால், “அடுத்த தடவ சேத்துக்கலாம்ணே” என்கிறான். இதே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு காலத்தில் என் மூஞ்சி பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றது. இப்போது வேறு பாடகர்களின் மூஞ்சிக்குக் கீழே ‘நிகழ்ச்சி ஏற்பாடு’ என்று பொடி எழுத்தில் இருக்கிறேன். அதிலும் ஒரு கால் இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கிதர் பாய் போன். என் மேடைகளுக்கெல்லாம் சவுண்ட் செட் அவருடையதுதான். நேற்று வேடசந்தூரில் ஏதோ ஒரு குழு எங்கள் பாட்டைப் பாடியதாம். “ரொனால்டு வந்துட்டுப் போனான் மோகன்” என்று சிரித்தார். அதற்குமேல் சோறு இறங்கவில்லை. “வெஞ்சனம் நல்லால்லயா?” என்று என் மனைவி புவனா கேட்டாள். நல்லாத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20

எழுதித் தொலைத்தாலாவது விடுகிறதா பார்ப்போம்.

அது நானும் ரொனால்டும் சேர்ந்து பாடியது. 2015இல் வந்த எங்கள் சொந்த ஆல்பம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இசை டக்கென்று நிற்கும். ரொனால்டு பேச்சாக ஒரு வரி சொல்வான்: “செத்த நேரம் நில்லு, வந்துர்றேன்.” விசிலெல்லாம் அதற்குத்தான். சென்னையிலிருந்து வந்த அறிவிப்பாளர் பெண் மேடையிலேயே, “செத்த நேரமா? யாருங்க செத்தது?” என்று கேட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தை எங்க ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கி, அதற்கும் ஒரு விசில் வாங்கினான் படுபாவி.

மற்ற குழுக்கள் பாடுவதற்காக எங்கள் குரலை எடுத்துவிட்டு மைனஸ் ட்ராக் போட்டோம். பேச்சையும் வெட்டவா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். “பாட்டத்தான வெட்டணும்? அது பேச்சு, கெடக்கட்டும்ணே” என்றவன் நான்தான். கிடக்கிறது. எந்த ஊர்த் திருவிழாவில் எவன் பாடினாலும் நடுவில் அவன் வந்து பேசுகிறான். அவன் போய் ஏழு வருஷம் ஆகப் போகிறது.

செப்டம்பர் 1

வினோலியா வந்தாள். ரொனால்டின் தங்கச்சி. அண்ணன் போனபோது பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்ற பிள்ளை, இப்போது கோயில் பாடற்குழுவில் முன்வரிசை. “என்னைய மேடையேத்தி விடுங்கண்ணே” என்றாள். ஆபீசிலேயே பாடச் சொன்னேன். ஏ அப்பா! அந்தக் குடும்பத்துக்கே தொண்டையில் என்னதான் வைத்துப் படைத்தானோ.

“அம்மா விட்ருவாங்களா?”

“விடாதுண்ணே. பாட்டுன்னாலே அம்மாவுக்கு ஆகாது. ஒங்க பாட்ட வீட்டுல போடவே கூடாது.” கிளம்ப எழுந்தவள் சொன்னாள்: “அம்மா இன்னும் கல்லறைக்கே போகலண்ணே. ஒரு நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளுக்குக்கூடப் போகல. பெத்தவ ஆஸ்பத்திரியில கெடக்கயில பாட்டுதான் பெருசுன்னு நின்னவனுக்கு நான் எதுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்னு கேக்குது.”

நான் மேஜையில் இருந்த ரசீதுகளை அடுக்கினேன். அடுக்கிய ரசீதுகளைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

செப்டம்பர் 14

இன்றைக்குத்தான். 2017இல் இது வியாழக்கிழமை. அய்யலூரில் ஆட்டுச் சந்தை நாள், அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு செல்போன் கடைத் திறப்பு விழா. பதினோரு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மேடையில். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவன் அம்மா ஆரோக்கியம்மாளுக்கு இரண்டு மணிக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் ரொனால்டு சொல்லிவிட்டு வந்திருந்தான். பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வரும்போது அந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று கடைக்காரர் என்னைப் பிடுங்கினார். நான் ரொனால்டைப் பிடித்துக்கொண்டேன். “செத்த நேரம் நில்லுடா.”

ஆமாம். அவன் வரியை அவனிடமே சொன்னேன்.

ஒன்றரைக்குத்தான் விட்டேன். வண்டியை முறுக்கிக்கொண்டு போனான். நாலுவழிச் சாலையில் லாரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, ஏன் இம்புட்டு நேரம் என்று கேட்டார்கள். “நான் போடான்னுதான் சொன்னேன். ஒரு பாட்டுப் பாடிட்டுப் போறேன்னு அவன்தான் நின்னான்.” வாய் தானாகச் சொன்னது. அடி விழுமோ என்கிற பயம், வேறென்ன? மயக்கம் தெளிந்த ஆரோக்கியம்மாளிடம் யாரோ அதையே சொல்லிவிட்டார்கள்.

பாடுவதை ஏன் விட்டாய் என்றால், தொண்டை ரிப்பேர் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். இரண்டாவது சரணம் வரும், நான் வாயை மூடிக்கொள்வேன். அப்புறம்தான் மைக்கை வைத்துவிட்டு நிகழ்ச்சி நடத்த வந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேனா? இல்லை.

செப்டம்பர் 22

கிதர் பாயை நச்சரித்து அந்த வரியை வெட்டச் சொல்லிவிட்டேன். “சனங்க கேப்பாங்கப்பா” என்றார். கேட்கட்டும். இன்றைக்கு ஒரு ஊரில் புது மைனஸ். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நாலு செகண்ட் வெறுமை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மொத்தக் கூட்டமும் கத்தியது: “செத்த நேரம் நில்லு, வந்துர்றேன்!” சின்னப் பிள்ளைகள், பொம்பளைகள், வடை போடுகிறவர். ஐநூறு ரொனால்டு.

எங்கடா ஓடுவேன் நான்?

அக்டோபர் 9

மத்தியானம் கண்ணயர்ந்தேன். “சாவி சாவின்னு பெனாத்துறீங்களே, எந்தச் சாவி?” என்று கேட்டு எழுப்பினாள் புவனா. பீரோ சாவி என்றேன்.

அக்டோபர் 24

வினோலியா மறுபடியும் வந்தாள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க வாயெடுத்தேன், வரவில்லை. இந்தப் பிள்ளையை மேடையேற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன் பார், அதைவிடக் கேவலம் உண்டா? அவள் அம்மா இந்த நவம்பர் இரண்டுக்கும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பெற்ற பிள்ளையை வைதுகொண்டிருக்கப் போகிறது. நான் சொன்ன ஒரு வார்த்தையால். அது உயிரோடு இருக்கும்போதே சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் 30

போனேன்.

ஆரோக்கியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் அங்கன்வாடி டீச்சர், இப்போதும் பார்வை அப்படித்தான். “வாப்பு, உக்காரு.” காப்பி வந்தது. குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. “கெளம்புறேன்னு சொன்னானா?”

“சொன்னான்மா. மூணு தடவ சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகணும், அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்னு.”

“பெறகு ஏன் நின்னான்?”

“வண்டிச் சாவி என் பையில இருந்துச்சும்மா. புடுங்கி வச்சுக்கிட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்தது. வாசல் நிலையில் வினோலியா நின்றுகொண்டிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

“ஏழு வருசமா வஞ்சேனே மோகனு. எம்புள்ளய... நாதியத்தவன்னு வஞ்சேனே. வாரேன் வாரேன்னவனயா வஞ்சேன்?” குரல் உயரவே இல்லை. என்னை வைதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். “எந்திரி. போயிரு.”

காப்பி அப்படியே இருந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் வாசலில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போக எனக்கு என்ன யோக்யதை?

ஆரோக்கியம்மாள் வந்திருந்தது. சிலுவையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தது. மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து போனது, அது மறுபடி மறுபடி ஏற்றியது. அப்புறம் கையைக் குவித்துக் காத்துக்கொண்டு குனிந்து என்னவோ பேசியது. ரொம்ப நேரம் பேசியது. வினோலியா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழுதேன். சம்பங்கி விற்ற அம்மா, “யாருக்குப்பா, சொந்தமா?” என்றது. தலையாட்டினேன்.

நவம்பர் 20

வினோலியா சித்தையன்கோட்டையில் பாடப் போகிறாளாம், வேறு குழுவோடு. வாட்ஸப்பில் ஒரே வரி: ‘உங்க பேர்ல வேணாம்ணே.’ நியாயம்தான். வயிறு எரிகிறது, அதுவும் உண்மைதான்.

நவம்பர் 25

கிதர் பாய் சொன்னார்: வினோலியா வெட்டின மைனஸை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையதைத் தேடி எடுக்கச் சொன்னாளாம். அம்மாவும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாம். “அந்த எடத்துல அந்தம்மா எந்திரிச்சு நின்னுருச்சு மோகன்” என்றார்.

டிசம்பர் 25

ரொனால்டு இருந்தவரைக்கும் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு. காலையில் பத்து தடவை போனை எடுத்து எடுத்து வைத்தேன். “பண்ணுங்க, வஞ்சா வாங்கிக்கங்க” என்றாள் புவனா. சாவி விஷயத்தை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியம்மாள் நம்பருக்குப் போட்டேன். போன கிறிஸ்துமஸ் வரைக்கும் டிரிங் டிரிங் என்று வெறும் மணிதான் அடிக்கும். இன்றைக்குப் பாட்டு வந்தது. காலர் டியூன்.

“செத்த நேரம் நில்லு, வந்துர்றேன்.”

அதுவே திரும்பத் திரும்ப வந்தது. நான் கட் பண்ணவில்லை. காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆரோக்கியம்மாள் எடுக்கவில்லை.