எனக்கு வராத கமகம்

மார்ச் 3, திங்கள்

மழை. வுப்பர்டால் ரயில் வழக்கம்போல் பிந்தியது. ஒத்திகைக்கு நனைந்தபடி.

ஞாயிறு கச்சேரியில் என் தனிப்பாட்டுக்குக் 'கொஞ்சம் இந்திய வளைவுகள்' வேண்டுமாம். எங்கள் பாட்டுக்குழுத் தலைவர் மார்ட்டினின் புது யோசனை. சேலை கட்டினால் இன்னும் நல்லதாம். மாட்டேன் என்றால் பாட்டு குழுவின் இன்னொரு பாடகி, ஜெர்மன்காரி அனிகாவுக்குப் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. முகம் சொன்னது.

எண்ணூறு வருடப் பழைய பாட்டு. தெற்குப் பிரான்சில் த்ருபதூர் கவிஞர்கள் ஒக்சித்தான் மொழியில் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டார்கள். பெண்களும் இருந்தார்கள். பெண் எழுதியதில் மெட்டோடு மிஞ்சியது இது ஒன்றே ஒன்று. குளிர்காலம் முழுக்க இதோடுதான் கிடந்தேன்.

சுவடியில் சுரம்தான் இருக்கிறது, தாளம் இல்லை, எப்படியும் பாடலாம் என்கிறார் மார்ட்டின். சரி. அப்படியானால் அனிகாவின் பாட்டையும் வளைக்கட்டுமே. அவளிடம் கேட்கவில்லை.

சுரத்தை வளைத்துப் பாடும் கமகம் எனக்குத் தெரியாது என்றேன். இங்கேயே ஹம் நகரில் பிறந்தவள், தேவாலயக் குழுவில் ஜெர்மன் பாட்டுப் பாடி வளர்ந்தவள், சங்கீத வகுப்பின் வாசலையும் மிதித்ததில்லை என்றேன். இரத்தத்தில் இருக்கும் என்றார். என் இரத்தத்தில் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. டாக்டர் எழுதியே தந்திருக்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

வாங்க வேண்டியது: சோப்புத்தூள். தேசிக்காய். பல் டாக்டரைப் பார்க்கும் டெர்மின் தேதியை மாற்ற வேண்டும்.

அம்மா ஃபோன். என் பக்கம் நிற்பா என்று நினைத்துச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சீலை எண்டால் வடிவுதானே பிள்ளை. அந்த மாம்பழக் கலர் சீலை சும்மா கிடக்குது."

பிறகு பாட்டில் என்ன இருக்கிறது என்று விசாரணை. தன்னை மதிக்காத காதலனிடம் ஒருத்தி நியாயம் கேட்கிறாள் என்றேன். கட்டின மனுசனோ என்றா. இல்லை.

"அப்ப கோயில் ஆக்களுக்கு உதைச் சொல்லாதை. பிரெஞ்சுப் பாட்டு எண்டு மட்டும் சொல்லு."

அந்தக் கவிஞர்கள் கோள்மூட்டிகளைத் திட்டித் திட்டியே பாட்டுக் கட்டியவர்கள். எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நிற்கிற ஆக்களின் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் நூறு கட்டியிருப்பார்கள்.

மார்ச் 6, வியாழன்

முயற்சி செய்து பார்த்தேன். வெட்கக்கேடு. யூடியூபில் யாரோ வளைப்பதைப் பார்த்து நானும் வளைத்தேன். விக்கல் எடுத்தவள் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். ரசனை உள்ளவர்.

மாலையில் அனிகா ஃபோன். சென்னையில் மூன்று கிழமை சங்கீதப் பயிலரங்குக்குப் போனவள். விருப்பமென்றால் கமகம் சொல்லித் தருகிறாளாம். நல்ல மனம், கோபிக்கவும் முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அழுதேன்.

எனக்கு ஏன் இந்தப் பாட்டு? என் குணம், என் அறிவு, என் அழகு, இதில் எதையும் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று அந்தப் பெண் நேருக்கு நேர் கேட்கிறாள். அதை என் குரலில் கேட்க ஆசை. அவ்வளவுதான். அதற்கு எதற்கு மாம்பழக் கலர்?

மார்ச் 8, சனி

கடைசி ஒத்திகை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு.

நேராகத்தான் பாடுவேன், கறுப்புச் சட்டைதான் போடுவேன், பிடிக்காவிட்டால் அனிகாவிடம் கொடுங்கள் என்றேன். மார்ட்டின் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டினார். பிறகு, பாடு பார்ப்போம் என்றார்.

பாடினேன். ஒரு சுரம்கூட வளையவில்லை. கடைசி அடிகளில் அந்தக் கவிஞர் பெண் பாட்டையே தூதாகக் காதலனிடம் அனுப்புகிறாள். அங்கே எப்போதும் மூச்சு முட்டும். இன்று முட்டவில்லை. அனிகா மூக்கை உறிஞ்சினாள். குளிராகவும் இருக்கலாம்.

மார்ட்டின் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. பாட்டு உனக்குத்தான் என்றார். பிறகு, "பார்த்தாயா, நான் சொன்னேனே. எனக்கு இந்தியா கேட்டது."

"நீங்கள் கேட்டது நான் பிறந்த ஹம்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.