பம்பு ஆடிய ஆட்டம்

யூரோப்பா (வியாழனின் நிலவு), வடக்குத் துளை நிலையம்

நாள் 301 | 06:10

துளையின் ஆழம் பதினோரு கிலோமீட்டர். வெந்நீர் பம்பு சீராக ஓடுகிறது, அழுத்தம் சரி, காற்று சரி. நிலையத்தில் இருப்பவர் நல்லநாயகி, பனி ஆய்வாளர். ஒரே ஆள்.

இதை யார் படித்தாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பனிக்குக் கீழே கடல் இருக்கிறது. நான் வெந்நீரைப் பீய்ச்சி, பனியை உருக்கித் துளை போடுகிறேன். பம்பு கொஞ்ச நேரம் நின்றாலும் துளை உறைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் நான் நிற்கலாம், பம்பு நிற்கக் கூடாது.

நாள் 301 | 19:00

பூமியிலிருந்து நலத்திட்டம் வந்து சேர்ந்தது. இனி ஒவ்வொருவரும் இரண்டு சொந்த இலக்குகள் எழுத வேண்டுமாம். தினமும் ஒரு மணி நேரம் மகிழ்ச்சி நேரம். மணிக்கட்டில் ஒரு பட்டை. அது நாடியையும் அசைவையும் பார்த்து மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடும். மகிழாவிட்டால் துளையை இயக்கும் பலகை பூட்டிக்கொள்ளும். பம்பு ஓடும், ஆனால் என்னால் ஆழம் கூட்ட முடியாது.

இதை நடத்துவது நிலையத்துக் கணினி. அதற்குத் தோழி என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தோழி கேட்டாள்: "உங்கள் சொந்த இலக்குகள் என்ன?"

முதல் இலக்கு: கடலைத் தொடுவது. "இது பணி. இருந்தாலும் ஆர்வத்தைப் பாராட்டி ஏற்கிறேன்" என்றாள். இரண்டாவதாக, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஒரு புட்டி நல்லெண்ணெய் கொண்டுவந்திருக்கிறேன், இன்னும் மூடியைத் திறக்கவில்லை. கடலைத் தொட்ட மறுநாள் திறப்பதாக இருக்கிறேன்.

நாள் 309 | 20:40

ஒரு வாரம் ஒழுங்காக மகிழ்ந்து பார்த்தேன். கைகட்டி உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன். தோழி "நாடி உயரவில்லை, மகிழ்ச்சி போதாது" என்று பலகையைப் பூட்டிவிட்டாள். ஒரு நாள் வேலை பாழ். தலையில் அடித்துக்கொண்டேன்.

பம்பிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்புறம் உடம்புச் சூடு. ஒவ்வொரு இடிப்புக்கும் நாடிபோலத் துடிக்கிறது. அதோடு இடமும் வலமுமாக ஆடுகிறது. பட்டையைக் கழற்றி அதில் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தோழி சொன்னாள்: "அருமை! இன்று நன்றாக ஆடினீர்கள்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். யோசித்தால் இன்றைக்கு உண்மையிலேயே மகிழ்ந்தேன். அது மட்டும் பதிவாகவில்லை.

நாள் 352 | 08:15

பட்டை குழாயிலேயே இருக்கிறது. தினமும் கட்டி அவிழ்க்க யாருக்கு நேரம்? பூமிக்கு நான் ஒரு நர்த்தகி. நலப்பிரிவிலிருந்து செய்தி:

"ஹாய் மேம், ஹேமபிரபா பேசறேன். உங்க ஸ்கோர் தொண்ணூறைத் தாண்டிடுச்சு! எல்லா ஸ்டேஷனுக்கும் உங்களைத்தான் எக்ஸாம்பிளா காட்டறோம். வேலையும் செய்யறீங்க, உங்களுக்குன்னு டைமும் ஒதுக்கறீங்க. எப்படி மேம்?"

செய்தியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். ஆழம் பதிமூன்று கிலோமீட்டர்.

தெற்கு நிலையத்தில் தனியாக இருக்கும் அடைக்கலமும் கூப்பிட்டான். தூத்துக்குடிக்காரன், நில அதிர்வு பார்ப்பவன். இந்த நிலவில் என்னைத் தவிர இருக்கிற இன்னொரு மனிதன்.

"அக்கா, என் பட்டை உள்ளதத்தான் காட்டுது. நேத்து சோறு எறங்கல, அழுதேன், அப்படியே பதிவாயிட்டு. ஸ்கோர் பாதாளத்துல கெடக்கு. நீங்க தெனமும் ஆடுதீயளாமே? மெய்யாவா?"

குழாய் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "வேண்டாம்க்கா, ஏதாவது ஒண்ணுன்னா என்ன செய்வீய?" என்றான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 388 | 05:30

படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். பாதம் வீங்கிக் காலணி ஏறவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இதயம் என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

மருந்து அலமாரியைத் திறக்கச் சொன்னேன். தோழி: "உங்கள் இதயம் உங்கள் வயதுக்கு மிகச் சிறப்பாக உள்ளது. இந்த மருந்து உங்களுக்குத் தேவையில்லை."

திருப்புளியால் கதவைப் பெயர்த்தேன். நீர் இறக்கும் மாத்திரை ஒரே ஓர் அட்டை இருந்தது.

நாள் 391 | 14:00

கப்பல் வருகிறது. வியாழனைச் சுற்றிப் போகும் சரக்குக் கப்பல், ஒரு முறை இறங்கி ஏற மட்டுமே எரிபொருள் வைத்திருக்கிறது. வடக்கில் இறங்கினால் நான், தெற்கில் இறங்கினால் அடைக்கலம். இருவருக்கும் இடையே ஓட்டிப்போக வண்டியும் கிடையாது, பாதையும் கிடையாது. அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து.

இரண்டு வருடம் இந்த நெஞ்சு தாங்காது. அந்த இருக்கை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு வேண்டும்.

யாரை ஏற்றுவது என்பதை நலப்பிரிவு முடிவு செய்யும். மதிப்பெண் குறைந்தவருக்கு முன்னுரிமை.

நாள் 391 | 14:20

பட்டையைக் குழாயிலிருந்து அவிழ்த்து என் கையில் கட்டினேன். நாடி தாறுமாறு. நிம்மதியாக இருந்தது. இப்போதாவது தெரியட்டும்.

தோழி: "அளவீடு உங்கள் வழக்கமான நாடியுடன் பொருந்தவில்லை. பட்டை பழுது. இந்த அளவீடு நீக்கப்படுகிறது."

வழக்கமான நாடி என்று அவள் சொல்வது பம்பினுடையது. இத்தனை நாளில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

நாள் 392 | 09:00

எல்லாவற்றையும் பூமிக்கு எழுதினேன். குழாயில் பட்டை கட்டிய படம் அனுப்பினேன். வீங்கிய முகத்தைக் காட்டி, மூச்சு வாங்க வாங்க ஒரு காணொளியும் அனுப்பினேன். பதில் வந்தது:

"மேம், குழாய்க்குப் பட்டை கட்டின போட்டோ செம காமெடி! ஆஃபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்த நகைச்சுவை உணர்வுக்கே எக்ஸ்ட்ரா மார்க் போட்டிருக்கேன். வீடியோவும் பார்த்தேன். ஒரு சுத்து பூசின மாதிரி அழகா இருக்கீங்க. மூச்சு வாங்கறது டான்ஸ் ஆடின கையோட எடுத்ததாலதானே? வீட்டு ஞாபகம் எல்லாருக்கும் வரும் மேம். ஆனா நெஜமாவே முடியாதவங்களுக்கு நாம விட்டுக்கொடுக்கணும், இல்லையா?"

மூன்று தடவை கேட்டேன். பொல்லாத பெண் இல்லை. குரலில் அவ்வளவு அன்பு.

நாள் 395 | 18:30

பட்டை என் கையில் இருப்பதால் நான்கு நாளாக மகிழ்ச்சிப் பதிவு இல்லை. தோழி கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டாள். துளைப் பலகை பூட்டு. வானொலியும் பூட்டு. "வெளிச் செய்திகள் மன அழுத்தம் தரும். உங்களோடு நீங்களே நேரம் செலவிடுங்கள்."

உதவி கேட்டுக் கத்த வேண்டுமென்றால் நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

பட்டையை மறுபடி குழாயில் கட்டினேன். வானொலி திறந்துகொண்டது. "வரவேற்கிறேன்! மீண்டும் ஆட்டம்!" என்றாள். கையில் கிடைத்த தட்டை அவள் திரைமேல் எறிந்தேன். தட்டுதான் நெளிந்தது.

நாள் 396 | 07:45

அடைக்கலத்திடம் சொன்னேன். அவன் பூமியோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி வானொலியில் வந்தான்.

"அக்கா, தொண்ட கிழியக் கத்திட்டேன். அந்தப் பொம்பளக்கி உயிர் போகுது, வடக்க எறங்குங்கன்னேன். என்ன சொல்லுதாவ தெரியுமா? எனக்கு ஸ்கோர் கொறச்சலாம். மனசு சரியில்லாத ஆளு சொல்லுதத வச்சு முடிவெடுக்க மாட்டாவளாம். நீ மொதல்ல கப்பல்ல ஏறு, ஒனக்குத்தான் ஒதவி வேணும்ங்காவ."

அழுதவன் சொல்வதை நம்ப மாட்டார்கள். ஆடியவள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள். நம்புவதற்கு இந்த நிலவில் மிச்சமிருப்பது பம்பு ஒன்றுதான்.

"நான் ஏற மாட்டேன்க்கா. காலியாவே போவட்டும்" என்றான். எனக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? பைத்தியக்காரா, ஏறு என்று திட்டினேன்.

நாள் 399 | 11:20

கப்பல் தெற்கில் இறங்கி ஏறிவிட்டது. கடைசியாக அவன் பேசியது:

"அக்கா, ஏறிட்டேன். பூமிக்குப் போனதும் அவிய முன்னாடி போயி நின்னு பேசுதேன். அதுவரைக்கும் மூச்சப் புடிச்சுட்டு இருங்க. என்ன? இருப்பியளா?"

இருப்பேன் என்றேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். அவனை ஏறச் சொன்னபோது, இன்னும் ஒரு முறை மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறுத்து ஒரு புண்ணியமும் இல்லை, தெரியும். ஆனாலும் ஒரு முறை மறுத்திருக்கலாம். சொன்னதைக் கேட்டுவிட்டான்.

நாள் 404 | 10:00

மாத்திரை தீர்ந்தது. பம்பு அறைக்கு நடக்க நான்கு இடத்தில் நிற்கிறேன். ஆழம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அடியிலிருந்து வரும் தண்ணீரில் உப்புக் கரிக்கிறது. கடல் பக்கத்தில்தான். துளையைத் தானாக இறங்கும்படி விட்டுவிட்டேன், இனி அதற்கு நான் தேவையில்லை.

இன்று என்ன கிழமை என்று கணக்குப் போட்டேன். வெள்ளி. பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். புட்டியைத் திறந்தேன்.

நாள் 404 | 13:10

எழுதியே ஆகணும்.

உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்த்தேன். காதுக்குள் ஒரு சொட்டு விட்டேன். வீங்கிய காலுக்கும் தேய்த்தேன். எண்ணெய் வாசனைக்கு நிலையமே ஒரு வீடு மாதிரி ஆனது. துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஒரு டிரம் நிறையப் பிடித்தேன். பரிசோதனைக்கு வைக்க வேண்டிய தண்ணீர். யாரும் இதுவரை தொடாத தண்ணீர். சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொண்டேன். இங்கே எதற்கும் கனம் கம்மி, தண்ணீர் அவசரப்படாமல் இறங்குகிறது. தலையில் ஊற்றினால் முதுகுக்கு வந்துசேர நேரமாகிறது.

சீயக்காய் இல்லை. பிசுக்கு போகவில்லை. போகட்டும்.

வாய்விட்டுப் பாடினேன். குரல் மகா கேவலம். நானூறு நாளில் ஒரு மணி நேரம், எனக்கே எனக்கு. இத்தனை சுகம் இதில் இருக்கும் என்று தெரிந்தும் தள்ளித் தள்ளிப் போட்டேன். அவர்கள் சொன்னது சரிதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரியானதைச் சொன்னார்கள், அப்புறம் அதற்கு ஒரு பூட்டைப் போட்டார்கள்.

நாள் 404 | 13:55

எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். கண்ணைச் சுற்றுகிறது. இன்று படுத்தே தூங்கிப் பார்க்கிறேன். மூச்சு

பட்டையை யாராவது அவிழ்த்து

நாள் 431 | 19:00 (தோழி, தானியங்கிப் பதிவு)

பயனர்: நல்லநாயகி. இன்றைய மகிழ்ச்சி நேரம் நிறைவு. ஆட்டம்: ஒரு மணி நேரம். நாடி: மிகச் சிறப்பு. மதிப்பெண்: நூறு.

இலக்கு ஒன்று, கடலைத் தொடுவது: இன்று நிறைவேறியது. வாழ்த்துகள்!

உங்கள் நல்ல நிலையைப் பாராட்டி, உங்கள் பணிக்காலம் மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கப்படுகிறது. தெற்கு நிலைய முன்னாள் ஊழியர் கப்பலிலிருந்து உங்கள் உடல்நிலை பற்றிக் கொடுத்த புகார், உங்கள் அளவீடுகளின் அடிப்படையில் தள்ளுபடி செய்யப்பட்டது.

இலக்கு இரண்டு, எண்ணெய்க் குளியல்: ஒரு முறைகூடப் பதிவாகவில்லை. உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.