அரைக்கக் கூடாத பிஸ்மத்

மார்ச் 4

பிஸ்மத் உலோகத்தோடு கரிமச் சேர்மத்தைப் பிணைத்துச் செய்த அணைவுச் சேர்மம் கடைசியில் படிகமாகிவிட்டது. வெளிர் மஞ்சள், ஊசி ஊசியாக. குப்பியைத் திறக்காமலே புற ஊதா விளக்கடியில் வைத்தேன். ஆரஞ்சாக ஒளிர்ந்தது. நிஜமாகவே. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

மார்ச் 6

வழக்கம்போல் கல்வத்தில் மாவாக அரைத்து, ஒளிர்வை அளக்கும் கருவியில் வைத்தேன். திரையில் தட்டையாக ஒரு கோடு. என் ஆய்வு வழிகாட்டி எட்டிப் பார்த்தார். "விளக்கு வெளிச்சத்தைப் பாத்து ஏமாந்திருப்பம்மா. உன் பிஸ்மத்தை மூட்டை கட்டு. மாசக் கடைசியோட வேற உலோகம் எடுத்துக்கோ."

மூன்று வருட உழைப்பு. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்?

மார்ச் 7

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11

மறுபடி தயாரித்தேன். மறுபடியும் குப்பியில் ஒளிர்கிறது, கருவியில் செத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "வீட்டுல வாய் ஓயாத குழந்தை விருந்தாளி வந்தா ஊமையாயிடுமே, அப்படியா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12

குப்பிக்கும் கருவிக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? அரைக்கிறேன். எல்லாரும் அரைக்கிறார்கள், நானும் அரைக்கிறேன் —

கல்வத்தையே விளக்கடியில் வைத்து அரைத்தேன். ஆரஞ்சு மங்கி, போயே போய்விட்டது. அடிப்பாவி, நானேதான் கொன்றிருக்கிறேன். மூலக்கூறுகள் அடுக்கி நிற்கும் ஒழுங்கில்தான் வெளிச்சமே இருக்கிறது.

அரைக்காத படிகத்தைக் கருவியில் வைத்தேன். கோடு மலையாக எழுந்தது. கல்வத்தைக் கழுவ அசிட்டோன் விட்டால், ஈரம் பட்ட இடத்தில் ஆரஞ்சு திரும்பி வருகிறது! கலைந்த அடுக்கு மறுபடி ஒழுங்காகிறது. குதித்தே விட்டேன்.

மார்ச் 13

சாரை இருட்டறைக்கு அழைத்துப் போய், புற ஊதா விளக்கடியில் கல்வத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். "அரைங்க சார்." அரைத்தார். அணைந்தது. ஒரு சொட்டு அசிட்டோன் விட்டேன். மறுபடி ஒளிர்ந்தது.

சார் என் கையிலிருந்து சொட்டுக்குழலைப் பிடுங்கிக்கொண்டு அரைக்கிறார், விடுகிறார், மறுபடி அரைக்கிறார்.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க சார்," என்றேன்.

மார்ச் 31

மாசக் கடைசி. வேறு உலோகம் என்ற பேச்சே இல்லை.

பக்கத்து ஆய்வகத்துக்காரரிடம் சார் நடைவழியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம பிஸ்மத் இருக்கே, அதை மட்டும் அரைக்கவே கூடாது."

நம்மதாம்.