பேசாமல் நடக்கச் சொன்ன பாதை

ஜூன் 4, வியாழன்

இன்றும் விடுப்புதான். மருத்துவ விடுப்பு என்றால் கை கால் முறிந்தது போல எல்லாரும் கேட்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஹெட்போனை மாட்டினால் கை நடுங்குகிறது. அவ்வளவுதான்.

அன்று உதவி கேட்டு அழைத்த அந்தப் பெண் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "கதவைத் திறந்து வைங்க, வண்டி பக்கத்துல வந்துடுச்சு" என்று சொன்னேன். "சரி" என்றாள். அப்புறம் பேச்சில்லை. இணைப்பு மட்டும் இருந்தது. அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஆட்கள் போய்ச் சேரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைக் காப்பாற்ற முடியவில்லை; யார் மேலும் தவறில்லை என்றார்கள். இல்லைதான். ஆனால் அன்றிலிருந்து வீடு அமைதியாகிவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. குளிக்கும்போதுகூட ரேடியோ ஓடுகிறது.

மனநல மருத்துவர் சொல்கிறார்: "மலைப்பாதையில நடங்க. பேசாம, பாட்டு கேக்காம. கால் தரையில படுறத மட்டும் கவனிங்க."

சத்தமே இல்லாத இடத்துக்கா? என்னையா?

ஜூன் 7, ஞாயிறு

என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பேருந்து ஓட்டப் போகவேண்டும். அதனால் இவருடைய அக்கா துணைக்கு வந்தார். அண்ணி பேக்கரி நடத்துகிறவர். தூக்கத்திலும் கடை ஆட்களைத் திட்டும் வாய் அது. "நான் பேசாம வருவேன். முடியாதுன்னு நினைக்கிறியா?" என்று பந்தயம் கட்டாத குறையாகக் கிளம்பினார்.

சொன்னபடியே வாயை இறுக்கிக்கொண்டு வந்தார். நான்தான் தோற்றேன். மரங்கள் அடர்ந்து, சாலையின் இரைச்சல் நின்றதுமே காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. அடுத்து என்ன? அடுத்து என்ன? திரும்பி ஓடியே வந்துவிட்டேன்.

"என்ன பார்த்த?"

"ஒண்ணும் பார்க்கல அண்ணி. ஒண்ணும் கேக்கல."

"அதுக்கா ஓடுன? என் கடையில ஒரு நாள் வந்து நில்லு. கேக்காம இருந்தா போதும்னு கும்பிடுவ."

சிரிக்க முடியவில்லை.

ஜூன் 10, புதன்

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். போய் நன்றி சொல்லலாம் போல இருந்தது.

ஜூன் 14, ஞாயிறு

இன்று பாதிவழியில் உள்ள பெரிய பாறைவரை போனோம். குதிகால், உள்ளங்கால், விரல். குதிகால், உள்ளங்கால், விரல். ஈரப் பாசி, உரிந்து தொங்கும் மரப்பட்டை, அதன் மேல் எதையோ இழுத்துக்கொண்டு போகும் எறும்பு. பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணியின் வயிறு இடி மாதிரி உறுமியது. "இது பேச்சுல சேராது" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் மறுபடி அந்தப் பயம். பிடரியில் தொடங்கி, தண்ணீர் ஊற்றியது போல முதுகில் இறங்கும். இது சரியாகவே ஆகாதோ?

ஜூன் 21, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூங்க மாட்டேன்.

பாறையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. நான் முன்னால், அண்ணி பின்னால். பின்னால் அவர் செருப்பு சரளையில் உரசுவது கேட்டுக்கொண்டே இருந்தது; அந்தத் தைரியத்தில்தான் நடந்தேன். பிறகு, கேட்கவில்லை. எப்போது நின்றது? தெரியவில்லையே! திரும்பினால் வெறும் வெள்ளை.

"அண்ணி!" கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன். மறுமொழி இல்லை. மின்விசிறிதான் ஞாபகம் வந்தது. இங்கே அதுகூட இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. கீழே ஓடிவிடலாமா? ஓடத்தான் காலைத் தூக்கினேன். பொய் எழுத மாட்டேன்.

நான் கத்துகிற கத்தலில் அவர் கூப்பிட்டாலும் கேட்காதே என்று அப்போது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை. இலையிலிருந்து நீர் சொட்டியது. எங்கோ ஒரு பறவை. என் நெஞ்சு அடிப்பது. அதற்கும் அடியில், இடப்பக்கச் சரிவில், பொடிக்கல் உருளும் சத்தம். யாரோ காற்றை இழுத்து இழுத்து விடும் சத்தம்.

உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். அண்ணி ஒரு மரத்தடியில் சுருண்டு கிடந்தார். கால் பார்க்கவே கூடாத கோணத்தில். விலா வலியில் குரல் எழவில்லை. "நீ கத்துறது... கேட்டுச்சு" என்றார் மூச்சுக்கிடையில்.

சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறவேண்டும். அவரை விட்டுவிட்டு.

"போ. நான் எங்க ஓடப் போறேன்?"

மேட்டில் கிடைத்தது. ஆம்புலன்ஸ் அழைப்பை எடுத்தது மையத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி. என் குரல் அவளுக்குத் தெரியவில்லை, அப்படிக் கிறீச்சிட்டிருக்கிறது. "மூச்சு விடுறாங்களா?" என்று கேட்டாள். நான் எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி! "விடுறாங்க, தனியா விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் வாங்கம்மா" என்று அழுதேன்.

திரும்பி இறங்கியபோது அண்ணியின் கண் மூடியிருந்தது. உலுக்கிப் பேசவைக்கக் கையை நீட்டிவிட்டேன். பேசினால் அவருக்கு விலா வலிக்கும். மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். ஏறியது. இறங்கியது. ஏறியது. அதை மட்டும் கவனித்தேன். பயம் எங்கேயும் போகவில்லை. பல் தந்தியடித்தது. ஆனால் நான் பேசவில்லை. மீட்புக்குழுவின் விசில் கேட்கும்வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

அண்ணிக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "கடையைத் திறந்தாங்களா?" இவர் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஜூலை 6, திங்கள்

அரை நாள் வேலைக்குப் போனேன். ஹெட்போனை மாட்டினேன். பக்கத்து இருக்கைக்காரி தேநீரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 19, ஞாயிறு

தனியாகப் போனேன். "கட்டு பிரிச்சதும் நானும் வரேன், பொறு" என்றார் அண்ணி. பொறுத்தால் போகவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் விழுந்த சரிவுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அங்கே நின்றபோது பிடரியில் அது தொடங்கியது. நின்றேன். முதுகு முழுக்க இறங்கியது. அப்போதும் நின்றேன்.

மேலிருந்து நாயோடு இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "தனியாவா வந்தீங்க? பயமா இல்ல?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் மேலே நடந்தேன்.